பதினேழு சுருக்கங்கள்

இரட்டையரை வைத்து நிரூபித்துக் காட்டாத எந்த க்ரீமையும் விற்கக் கூடாது என்று சட்டம் வந்த பிறகு, வான்மதிக்கும் தேன்மதிக்கும் ஏக கிராக்கி. சுருக்கம் போக்கும் பெப்டைடு க்ரீமை மாதம் ஒரு டப்பா வீதம் ஓராண்டு பூச வேண்டியவள் அக்கா வான்மதி. பூசாமல் இருக்க வேண்டியவள், பத்து நிமிடம் பின்னால் பிறந்த தேன்மதி.

இன்று மேடையில் கருவி இருவர் முகத்தையும் அளந்தது. அக்காவுக்கு ஒன்பது சுருக்கம், தங்கைக்கு இருபத்தாறு. அரங்கமே கைதட்டியது.

வான்மதி கூனிக் குறுகிப் போனாள். முகம் எரிகிறதென்று முதல் டப்பாவோடு பூசுவதையே நிறுத்திவிட்டவள் அவள். பக்கவாதத்தில் விழுந்த அப்பாவைத் தங்கை தலையில் கட்டிவிட்டு, லீவு கிடைக்கவில்லை என்று ஓராண்டாகப் போனிலேயே நலம் விசாரித்தவளும் அவள்தான்.

"நல்லாத்தான்க்கா வேலை செய்யுது," என்றாள் தேன்மதி கள்ளமில்லாமல். "படுத்தே கெடந்து அப்பாவுக்கு முதுகெல்லாம் தோலு வழண்டு போச்சு. மிச்சம் இருந்தா கொஞ்சம் குடேன், தடவிப் பாக்கறேன்."

வான்மதி வீட்டு அலமாரியில் பதினோரு டப்பா மிச்சம் இருந்தது.