கிரகணப் பந்தயம்

செங்கம்மா செருப்பைக் கழற்றி வாசலிலேயே விட்டாள். உள்ளே விண்வெளிக் காட்சி. வி.ஆர். கண்ணாடியை மாட்டிக்கொண்டால் நிலாவின் மேல் நடக்கலாம் என்று போர்டில் எழுதியிருந்தது.

"அம்மா, செப்புலு வேஸ்கோண்டி, பர்வாலேது," என்று தெலுங்கில் போட்டுக்கொள்ளச் சொன்னாள் டிக்கெட் கிழிக்கும் பெண்.

"சந்திரன் மேல செருப்புக் காலோட நடக்கறதா? நல்லா சொன்னே போ." செங்கம்மா வெறுங்காலோடு உள்ளே போனாள்.

பின்னால் வந்த மருமகள் ரூபா, கணவன் கோவர்த்தனனின் முழங்கையை இடித்தாள். "தேங்கா ஒடைக்கறதுக்குள்ள உங்கம்மாவப் புடிங்க."

மூவரும் புத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து திருப்பதிக்கு வந்திருந்தார்கள். நாளைக்குக் காளஹஸ்தியில் ராகு கேது பூஜை. கல்யாணமாகி நாலு வருஷமாகியும் ரூபாவுக்குக் குழந்தை இல்லை என்று செங்கம்மா செய்த ஏற்பாடு அது.

ரூபா ஜூனியர் காலேஜில் பிஸிக்ஸ் சொல்லிக்கொடுப்பவள். ராகுவும் கேதுவும் வெறும் நிழல், நிழலுக்குப் பூஜை போட்டு உட்கார மாட்டேன் என்று பஸ்ஸிலேயே சொல்லிவிட்டாள். முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சொன்னாள்.

பஸ் ஸ்டாண்டில் ஒட்டியிருந்த போஸ்டரைப் பார்த்த செங்கம்மா, "இதுக்குப் போலாம்பா," என்று மகனை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். போஸ்டரில் கறுப்புச் சூரியன். முழு சூரிய கிரகணத்தைப் பக்கத்தில் இருந்து பார்க்கலாமாம்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் செங்கம்மா ஆரம்பித்தாள். "ரூபா, நிழல்தானேன்னு சொன்னே இல்ல? இந்தக் கிரகணத்த முழுசாப் பாத்துடு. காளஹஸ்தி பேச்சே எடுக்க மாட்டேன். கொழந்த எப்போன்னு வாயத் தொறந்து கேக்க மாட்டேன். நடுவுல கண்ணாடியக் கழட்டினா, நாளிக்கி பூஜையில ஒக்காரணும்."

"இவுரு தலமேல சத்தியமா?"

"அவன் தலய இன்னாத்துக்கு இழுக்கற? அதுல மயிரே நாலுதான் இருக்குது. நான் சொன்னா சொன்னதுதான்."

ரூபாவுக்கு இது அல்வா சாப்பிடுவது மாதிரி. போன வருஷம் ஓட்டல் பூரி ஒத்துக்கொள்ளாமல் அவள் வாந்தி எடுத்தபோது, செங்கம்மா தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்துவிட்டாள். பூரிதான் காரணம் என்று தெருவுக்கே சொல்லி முடிப்பதற்குள் ரூபாவின் மானம் போய்விட்டது. இனி அந்தப் பேச்சே இல்லையென்றால், கிரகணம் என்ன, பிரளயத்தையே உட்கார்ந்து பார்க்கலாம்.

"கிரகணத்துல சோறு துன்னக்கூடாது, காய் நறுக்கக்கூடாது, முழுகாம இருக்கறவ பாக்கக்கூடாது, ஊறுகா ஜாடியில தர்ப்பையப் போட்டு வெக்கணும். எல்லாம் சரி அத்தே. ஊறுகாய்க்கு இன்னா, அதுவும் அண்ணாந்து பாக்குமா?"

"பாப்போம், பாப்போம்," என்றாள் செங்கம்மா.

டிக்கெட் கிழித்த பெண் வந்து மூவருக்கும் கண்ணாடியை மாட்டிவிட்டுப் போனாள். நாற்காலிகள் கடகடவென்று ஆடின. ராக்கெட் கிளம்பியது.

"யம்மா, பூமி உருண்டையாத் தெரியுதும்மா," என்றான் கோவர்த்தனன். கைப்பிடியை அவன் விடவில்லை.

"நம்ம கொல்லி, கெணறு தெரியுதா பாரு நைனா. மோட்டார ஆப் பண்ணியா இல்லியா நீ?"

நிலா வந்தது. கோவர்த்தனன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கால்களைத் தூக்கித் தூக்கி நடந்தான். முன்வரிசைக்காரர் முதுகில் இரண்டு உதை விழுந்தது. அவரும் நிலாவில் இருந்ததால் கண்டுகொள்ளவில்லை.

"இப்போது சூரிய கிரகணம்," என்று தெலுங்கில் ஒரு கம்பீரக் குரல் சொன்னது.

ரூபா வகுப்பு எடுக்க ஆரம்பித்தாள். "பாருங்க அத்தே, நிலா குறுக்க வருது. பாம்பும் இல்ல, ஒண்ணுமில்ல. வெளிச்சத்த மறைக்குது, அவ்ளோதான். பாக்கறீங்களா?"

"சொல்லு, சொல்லு. கேட்டுக்கினுதான் இருக்கேன்."

"இப்போ கால்வாசி மறைஞ்சிடுச்சி. இந்தப் பக்கத்து நிழல் இருக்குதே, அது..."

பாடம் அங்கே நின்றது. சூரியன் பாதியானபோது ரூபா ஒரு கையால் கண்ணாடியின் பட்டையைத் தொட்டாள். விட்டாள். மறுபடியும் தொட்டாள். முக்கால்வாசி மறைந்ததும் வெடுக்கென்று கழற்றி மடியில் கவிழ்த்துப் போட்டுவிட்டாள்.

இந்தப் பக்கம் கோவர்த்தனன் வாயைப் பிளந்துகொண்டு கிரகணத்தில் இருந்தான். ரூபா அந்தப் பக்கம் திரும்பினாள்.

செங்கம்மாவின் கண்ணாடி கண்ணில் இல்லை. நெற்றிக்கு மேலே, கொண்டைப் பூவை நசுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவள் மருமகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகப் பார்க்கிறாளோ தெரியவில்லை.

"கண்ணு எரிஞ்சிது அத்தே," என்றாள் ரூபா. "சரி, நான் தோத்துட்டேன். நாளிக்கி பூஜையில ஒக்கார்றேன். உடுங்க."

"பூஜ கெடக்குது."

செங்கம்மா எட்டி மகனைப் பார்த்தாள். அவன் இன்னும் பூமிக்கு வரவில்லை. நாற்காலியில் இருந்தபடியே சரிந்து மருமகளின் காதருகே குனிந்தாள்.

"எத்தினி மாசம்?"