வீட்டுக்கு ஒரு விசில்

துருவேறிக் கிடந்த பழைய நீராவி எஞ்சினோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டி, ரயில் அருங்காட்சியகத்துக்காக அதை ஓட வைத்துவிட்டார் ஓய்வுபெற்ற டிரைவர்.

"முதல் விசிலை நீங்களே அடிங்கண்ணே," என்றார் காப்பாளர்.

இரண்டு குட்டி விசில், ஒரு நீள விசில் அடித்தார்.

"யாருக்கு இந்த சிக்னல்?"

"வீட்டுக்காரிக்குதான். நான் வரேன்னு அந்தக் காலத்துல இப்படித்தான் சொல்லுவேன். வாசலுக்கு ஓடி வருவா. இப்பல்லாம் அவளுக்கு மறதி. அவ காதுல இது விழணும்னுதான் இவ்வளவு பாடும்."

பின் தெருவில் இருந்த வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

மனைவி தலை சீவி, வாசலில் பூரித்து நின்றாள்.

"விசில் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு, பெரியவரே. இத்தனை நாள் கூடவே இருந்து என்னைப் பாத்துக்கிட்டீங்க, நல்லாருப்பீங்க. இப்ப கிளம்பிடுங்க," என்றாள் பதற்றத்தோடு. "எங்க வீட்டுக்காரர் வந்துட்டாரு."