பொதுக்குழிக் கிழங்கு

முள்ளம்பன்றிகளுக்குப் பொழுது போகவில்லை. மரத்தில் ஒரு பூசணிக்காயைக் கட்டி, முள் எய்து பழகச் சங்கம் வைத்தன. எய்ய வருகிறவர் முதலில் பொதுக்குழியில் ஒரு கிழங்கு போட வேண்டும். யார் முள்ளாவது தவறிப்போய் வெளியாளைக் குத்தினால், குத்துப்பட்டவருக்குப் புண் ஆறும்வரை குழியிலிருந்து சாப்பாடு. அதுதான் சட்டம்.

கூரன் என்ற முள்ளம்பன்றி முனகினான். “என் குறி தப்பாது அக்கா. நான் எதுக்குத் தண்டம் அழணும்?”

“போட்டுட்டு எய். இல்லாட்டி வீட்டுக்குப் போ” என்றாள் சங்கத்துத் தலைவி சடைச்சி.

போட்டான். எய்தான். முள் பாறையில் பட்டுத் தெறித்து, அந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்த முயலின் பின்னங்காலில் ஏறியது.

முயல் நொண்டிக்கொண்டே வந்தது. “யோவ், வீட்டில் நாலு குட்டி இருக்கு. இனி யார் இரை தேடுறது? அதுக்கு ஈடா உன் வளையை எனக்கு விட்டுடு.”

கூரனின் முள்ளெல்லாம் படுத்துவிட்டது. அந்த வளையை விட்டால் அவனுக்குப் போக்கிடம் கிடையாது.

சடைச்சி பொதுக்குழியைத் திறந்தாள். “வளை எதுக்கும்மா? கால் ஆறுறவரைக்கும் உனக்கும் பிள்ளைகளுக்கும் இங்கேதான் சாப்பாடு.”

முயல் ஒரு கிழங்கைக் கடித்துப் பார்த்தது. “சரி” என்றது.

கூரனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் வந்து குழியில் கிழங்கைப் போட்டான். பெரிய கிழங்கு.

“உன் குறிதான் தப்பாதே?” என்றாள் சடைச்சி.

“குறியில் ஒரு குறையும் இல்லை அக்கா. அந்தப் பாறையைத்தான் நம்ப முடியலை.”