இரண்டு தட்டு

டிக்கி திறந்தது. ரெனாட்டா உணவுப் பெட்டியை உள்ளே வைத்து, மூடி, மேலே இரண்டு தட்டு தட்டினாள். கார் நகர்ந்தது.

ஆசிரியர் சங்கம் போட்ட விதி அது. வருகிறவர்கள் கண்ணாடியை இறக்க வேண்டாம். உட்கார்ந்த இடத்திலிருந்தே டிக்கியைத் திறந்துவிட்டால் போதும். கொடுப்பவர்கள் முகத்தைப் பார்க்கக் கூடாது. இரண்டு தட்டு தட்டினால், வைத்தாயிற்று, போகலாம் என்று அர்த்தம்.

கிருமிக்காக என்று சொல்லிக்கொண்டார்கள். மானத்துக்காக என்பது எல்லோருக்கும் தெரியும்.

டோலிடோ நகரத்தில் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடியதிலிருந்து வெள்ளிதோறும் இப்படித்தான். பேருந்து ஓட்டுநர்கள், சமையற்கூடத்துக்காரர்கள், வகுப்பு உதவியாளர்கள் என்று பள்ளியை நம்பிப் பிழைத்தவர்கள் எல்லாம் கார் நிறுத்துமிடத்தைச் சுற்றி வரிசைகட்டி நிற்பார்கள்.

அந்த வரிசையில் நிற்க வேண்டியவள்தான் ரெனாட்டாவும்.

அவள் மாற்று ஆசிரியை. யாராவது விடுப்பு எடுத்தால்தான் அவளுக்கு வேலை. மூடிய பள்ளியில் யார் விடுப்பு எடுப்பார்கள்? நிரந்தர ஆசிரியர்களின் சம்பளத்தைச் சங்கம் சண்டை போட்டுக் காப்பாற்றிவிட்டது. அவளுக்குக் காப்பாற்ற ஒரு சம்பளமே இல்லை.

முதுகலை படித்தால் நிரந்தர வேலை நிச்சயம் என்று எல்லோரும் சொன்னார்கள். கடன் வாங்கிப் படித்தாள். வேலை வரவில்லை, தவணை மட்டும் தவறாமல் வந்தது. அரசாங்கக் கடனென்றால் இப்போது தவணை கட்ட வேண்டாம் என்று சங்கம் கூட்டம் போட்டு விளக்கியது. அவளுடையது தனியார் வங்கிக் கடன். கணக்கில் என்ன இருந்தாலும் முதல் தேதி அன்று வழித்து எடுத்துக்கொண்டு போய்விடும்.

இரண்டு பட்டம் வாங்கியவள் காருக்குள் உட்கார்ந்து டிக்கியைத் திறந்துவிட்டுக் காத்திருப்பதா? அதனால் சங்கத்தின் சிவப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு கொடுக்கிற பக்கம் வந்து நின்றுவிட்டாள்.

"மிச்சம் இருக்கிறத எடுத்துட்டுப் போங்க, வீணாத்தான் போகும்" என்பார் டுவைன், வேலை முடிந்ததும். வரலாற்று ஆசிரியர், இந்தப் பள்ளியின் சங்கப் பொறுப்பாளர். அவருக்கு ஏதோ உதவி செய்வதுபோல அவள் ஒரு பெட்டியை எடுத்துக்கொள்வாள். சங்கீத டீச்சர் மார்னியும் அப்படித்தான்.

இன்று வரிசை சாலை வரைக்கும் போயிருந்தது. மிச்சம் இருக்காது என்று மதியமே தெரிந்துவிட்டது.

கையுறை எடுத்துவரப் போவதாகச் சொல்லி, யாரும் பார்க்காதபோது ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு தன் காருக்குப் போனாள். டிக்கியில் வைத்து, சத்தம் வராமல் அழுத்தி மூடினாள். திரும்பி வந்தபோது டுவைன் சிரித்துக்கொண்டிருந்தார்.

"என் படிப்புக் கடனுக்கு இந்த மாசத்தோட இருபத்தோரு வயசு. இனிமே சட்டப்படி அதுவே கடைக்குப் போய் பீர் வாங்கிக்கும், என்னைக் கேக்க வேண்டியதில்ல."

அவளும் சிரித்துவைத்தாள். காது மட்டும் சுட்டது.

கடைசிப் பெட்டியும் போன பிறகு ஒரு பழைய பியூக் கார் தள்ளாடி வந்து நின்றது. அதன் டிக்கி உள்ளிருந்து திறக்காது. ஓட்டி வந்தவர் இறங்கிச் சாவியோடு பின்னால் வந்தார். முகத்தைப் பார்க்காமல் இருக்க வழியில்லை.

மிஸ் லூ. பள்ளியின் மதியச் சாப்பாட்டு வரிசையில் கரண்டி பிடிக்கிறவர். ரெனாட்டா சாப்பாடு வாங்காத நாட்களில், வீணாகப் போகும் என்று சொல்லி ஒரு தட்டை அவள் பக்கம் தள்ளிவிடுகிறவர்.

"தீந்துபோச்சு, மிஸ் லூ" என்றார் டுவைன். குரல் உள்ளே போயிருந்தது.

"அட, அதனால என்ன கண்ணு. எனக்கா கேட்டேன்? பக்கத்து வீட்டுக்காரிக்குத்தான்." திறந்த டிக்கியை மூடிவிட்டு, ரெனாட்டாவைப் பார்த்துத் தலையசைத்தார்.

இப்போதாவது சொல்லிவிடலாம். நாலு எட்டு வைத்தால் அவளுடைய கார். ஆனால் அந்த டிக்கியைத் திறந்தால் டுவைன் பார்ப்பார், மார்னி பார்ப்பாள், மிஸ் லூவும் பார்ப்பார். அவள் காலி மேசையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

பியூக் போய்விட்டது. தன்மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது அவளுக்கு.

பனி தூற ஆரம்பித்தது. டுவைன் மேசையை மடக்கினார். ஒவ்வொரு வாரமும் அது அவருடைய வேனில்தான் போகும்.

"ரெனாட்டா, இன்னைக்கு இத உன் டிக்கில போட்டுக்கிறியா?"

"என் டிக்கி மக்கர் பண்ணுது. தெறக்க மாட்டேங்குது."

அவர் மார்னியைப் பார்த்தார்.

"என்னுதுல பிள்ளைங்களோட வாத்தியம் எல்லாம் அடைஞ்சு கெடக்கு" என்றாள் மார்னி அவசரமாக. பிறகு, "ஏன், உங்க வேனுக்கு என்ன?" என்றாள்.

டுவைன் முகக்கவசத்தை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். வேனின் பின்கதவைப் பார்த்தார், உடனே தரையைப் பார்த்தார்.

அதன்பிறகு யாரும் யாரையும் பார்க்கவில்லை.

மேசையைப் பள்ளிச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். மார்னி முதலில் கிளம்பினாள். ரெனாட்டா காரில் ஏறிச் சாவியைத் திருகினாள். கண்ணாடியை இறக்கவில்லை.

வேனுக்குப் போகிற வழியில் டுவைன் அவள் காருக்குப் பின்னால் ஒரு நொடி நின்றார்.

மூடியிருந்த டிக்கியின்மேல் இரண்டு தட்டு தட்டினார்.