திருப்பத்தில் பதியாத எண்

"அக்கா, நீங்க குறுக்கு வழியில வந்திருக்கீங்க. கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுலா."

புவனேஸ்வரன் திரையைத் திருப்பிக் காட்டினான். ஆயர் ஈத்தாம் ஓட்டப் போட்டியில் ஓடுபவர்களின் நேரத்தைப் பதிவது அவன் பொறுப்பு. மூன்றாவதாக வந்த ஜெகதீஸ்வரியின் எண், மேட்டுத் திருப்பத்தில் விரித்திருந்த மின்னணுப் பாயில் பதியவே இல்லை.

"சத்தியமா மிதிச்சேன் தம்பி. ஒரு பொண்ணு கால் பிடிச்சிக்கிட்டு விழுந்துடுச்சி. அதைத் தாங்கிப் பிடிச்சி, ரெண்டு பேரும் ஒன்னாத்தான் தாண்டினோம்."

முதல் மூன்று பேருக்குத்தான் மாநிலக் குழுவில் இடம். ஜெகதீஸ்வரிக்கு முப்பத்தைந்து வயது. இந்த ஆண்டோடு வயது வரம்பு முடிகிறது. தொழிற்சாலை வேலைக்கு நடுவே நான்கு வருடம் ஓடிப் பழகியவள்.

புவனேஸ்வரனுக்கு எரிச்சலாக இருந்தது. மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரிடமும் ஒரு கதை இருக்கும்.

ஆனாலும் மனசு உறுத்தியது. எண் அட்டையில் இருக்கும் சிப்புகள், பாய் கேட்கக் கேட்க முறைவைத்துத்தான் பதில் சொல்லும். இரண்டு ஒரே நேரத்தில் பேசினால் மோதிக்கொள்ளும், பாய் மறுபடி கேட்கும். ஆட்கள் ஒட்டிக்கொண்டே கடந்தால் ஒன்று விட்டுப்போகவும் வாய்ப்புண்டு.

அவள் திருப்பத்தைக் கடந்திருக்கக்கூடிய நேரத்தில் பதிந்திருந்தது ஒரே ஓர் எண். நான்காவதாக வந்த ஷர்மினியுடையது. அவளைக் கூப்பிட்டு விட்டான்.

"தங்கச்சி, மேல திருப்பத்துல இவங்க உன்னைத் தாங்கிக்கிட்டு வந்தாங்களா?"

ஷர்மினி ஜெகதீஸ்வரியின் பக்கம் திரும்பவே இல்லை.

"இல்லையே அண்ணே. நான் தனியாத்தான் வந்தேன்."

"அடிப்பாவி!" என்றாள் ஜெகதீஸ்வரி.

புவனேஸ்வரன் கொதித்துப்போனான். "போதும் அக்கா! சின்னப் பொண்ணைப் போய்ப் பொய் சாட்சிக்கு இழுக்குறீங்க. வெட்கமா இல்ல?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஜெகதீஸ்வரி பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

அவள் பெயரை அடித்துவிட்டு, ஷர்மினியை மூன்றாம் இடத்தில் போட்டு, புவனேஸ்வரன் கையெழுத்திட்டான். மாநிலக் குழுவினர் பட்டியலை வாங்கிக்கொண்டு கிளம்பிப் போனார்கள்.

கூடாரத்தைப் பிரிக்கும்போது ஷர்மினி வந்தாள். ஒரு தண்ணீர் போத்தலை மேசைமேல் வைத்தாள். நன்றாகக் கழுவித் துடைத்திருந்தாள்.

"இது அந்த அக்காவோடது அண்ணே. நான் விழுந்தப்ப குடிக்கக் குடுத்தாங்க. மறக்காம அவங்ககிட்ட சேர்த்துடுங்க. அடுத்தவங்க பொருளை நான் வச்சிக்க மாட்டேன்."