செவப்புக் குறி போட்ட பாக்கெட்டு

மலைமேல இருக்கற சேர்வராயன் சாமி மேல சத்தியமுங்க. இதுல ஒரு வார்த்தை பொய்யா இருந்தாலும் என்ற பல்லு முப்பத்திரண்டும் கொட்டிப் போகட்டும். முப்பத்திரண்டு இல்ல, இருபத்தேழு. பாருங்க, இதுலகூட பொய் சொல்லல.

காப்பி எஸ்டேட்டு மேஸ்திரி சின்னத்தம்பிக்கு மூணு நாளா கடவாப்பல்லு வலி. ஒரு பக்கக் கன்னம் பன்னு கணக்கா வீங்கி, கஞ்சிகூட எறங்கல. பஸ் ஏறி ஏற்காடு டவுனுல புதுசா தொறந்த பல்லு ஆஸ்பத்திரிக்கு வந்து சேந்தாரு.

வந்த மனுசன் வைத்தியம் தேடல, குத்தந்தான் தேடுனாரு. எல்லாம் வாட்ஸப்பு பண்ணுன வேலை. பல்லு டாக்டருங்க ஒருத்தரு வாயில உட்ட சாமானத்தக் கழுவாம அடுத்தவரு வாயில உடறாங்கன்னு எவனோ அனுப்புன வீடியோவ ஏழு தடவை பாத்திருந்தாரு.

பல்லைப் படம் புடிச்சு டிவியில பெருசாக் காட்டுனாங்க. அது என்ற பல்லுதானான்னு ரெண்டு வாட்டி கேட்டாரு. டாக்டரம்மா ஹேமலதா சேலத்துக்காரங்க, பொறுமைசாலி. உங்க பல்லேதாங்க ஐயா, இன்னிக்கே எடுத்துரலாம்னு சொல்லிட்டு, பக்கத்து ரூமுல இன்னொருத்தரைப் பாக்கப் போனாங்க.

சாமானம் எடுத்து வெக்க வந்த நர்சுப் புள்ளையப் பாத்ததும் மேஸ்திரி படக்குன்னு வாய மூடிக்கிட்டாரு. வெள்ளக்கடை ஊரு அத்தாயி மக கௌரி.

போன மாசந்தான் அத்தாயிய வேலைய உட்டு நிறுத்துனாரு. அவ பறிச்ச காப்பிக் கூடையில கருத்த பழம் கெடந்துச்சாம். முப்பது வருசமா மேஸ்திரிக்கு ஒரே சட்டந்தான்: செவந்தது நல்லது, கருத்தது கழிவு. இப்ப அந்த ஊட்டுல அடுப்பு எரியறதே கௌரி சம்பளத்துல.

இவ கையில வாயத் தொறந்து குடுத்தா உடுவாளா?

கௌரி ஒரு காகித பாக்கெட்டு எடுத்தா. உள்ள வாய்க்குள்ள உட்டுப் பாக்கற கண்ணாடிக் குச்சி, பல்லு புடுங்கற கொறடு. மேல ஒட்டியிருந்த ஸ்டிக்கர கம்ப்யூட்டருக்குக் காட்டுனா. ‘பீப்’புன்னு கத்தி, சின்னத்தம்பின்னு பேரு வந்துச்சு.

"என்ற பேரு எதுக்கு அதுல?"

"எந்த பாக்கெட்டு யாருக்குன்னு கணக்குங்க."

மேஸ்திரி பாக்கெட்ட உத்துப் பாத்தாரு. ஓரத்துல ஒரு குறி, கருகுன மாதிரி. கண்ணு அப்படியே மேசைக்கு ஓடுச்சு. அங்க குக்கராட்டம் ஒரு ஸ்டீல் மெஷினு. அது பக்கத்துல நாலு பாக்கெட்டு, எல்லாத்துலயும் குறி பழுத்த காப்பிப் பழமாட்டம் செவச்செவன்னு.

"ஏம்புள்ள, நல்லது அங்க இருக்குது, எனக்கு மட்டும் கருகுனதா?"

"ஐயோ, அது ஆகாதுங்க. அது வந்து..."

"நீ பேசாத. உங்கம்மாள நிறுத்துனதுக்குத்தான இது?"

வெளிய காத்துக்கிட்டிருந்த ஓட்டல்காரரு பாலசுப்பிரமணியம் எட்டிப் பாத்தாரு. நல்ல சரக்கையெல்லாம் டூரிஸ்டுக்கு ஒதுக்கி வெப்பாங்க, நமக்கெல்லாம் மிச்சம் மீதிதான்னு எடுத்துக் குடுத்தாரு. ஒரு ஓட்டல்காரரே சொன்னா தப்பா இருக்குமா? மேஸ்திரி தன்னோட செல்போன அவருகிட்ட நீட்டி, வீடியோ எடுங்கன்னாரு.

கௌரி மறுபடியும் வாயத் தொறந்தா. மேஸ்திரி உடல. நாற்காலிய உட்டு எந்திரிச்சாரு, ஒரே எட்டுல செவப்புக் குறி பாக்கெட்ட எடுத்தாரு, பல்லு வலியோட பரக்குன்னு கிழிச்சாரு. கண்ணாடிக் குச்சிய எடுத்து, என்ற பல்ல நானே பாத்துக்கறேன்னு வாய்க்கிட்ட கொண்டு போனாரு.

பட்டுன்னு ஒரு அடி. குச்சி பறந்து போயி செவுத்துல பட்டு உழுந்துச்சு.

பாலசுப்பிரமணியம் எடுத்த வீடியோவுல மேஸ்திரி கையில கௌரி போட்ட அடி தெள்ளத் தெளிவா உழுந்திருந்துச்சு.

ஆஸ்பத்திரியே அதிர்ற மாதிரி மேஸ்திரி சத்தம் போட்டாரு. வயசுல பெரியவன கை நீட்டி அடிச்சுட்டா, இன்னிக்கே இவள வேலைய உட்டு அனுப்பணும், இல்லாட்டி எஸ்டேட்டுக் குரூப்பு அத்தனையிலயும் வீடியோ போயிரும்னாரு. கௌரி கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு நிக்குது. வேலை போனா, அந்த ஊட்டுல நாளைக்கு ஒலை வெக்க வழியில்ல.

டாக்டரம்மா ஓடியாந்தாங்க. கீழ கெடந்த குச்சியப் பாத்தாங்க. கிழிஞ்ச பாக்கெட்டப் பாத்தாங்க. மொகம் மாறிருச்சு.

"இது உங்க வாயில பட்டுச்சுங்களா?"

"பட உட்டாளா இவ? அதுக்குள்ள அடிச்சுப்புட்டா."

டாக்டரம்மா கிழிஞ்ச பாக்கெட்டோட குறியத் தொட்டுக் காட்டுனாங்க.

"ஐயா, இந்தக் குறி மொதல்ல எல்லாத்துலயும் செவப்பாத்தான் இருக்கும். அந்த மெஷினுல போட்டு ஆவியில வேக வெச்சு, கிருமி செத்தாத்தான் கருப்பா மாறும். கருப்புன்னா சுத்தம். நீங்க கிழிச்சது இன்னும் வேகாதது. உங்களுக்கு முன்னாடி சீழ் புடிச்சு வந்தவரு வாயில இருந்தது, வெறுமனே கழுவித்தான் வெச்சிருக்குது."

பாலசுப்பிரமணியம் சத்தமில்லாம போனத் திருப்பிக் குடுத்துட்டு வெளிய போயிட்டாரு.

மேஸ்திரிக்கு வேர்த்து ஊத்துச்சு. போனத் தடவித் தடவி வீடியோவ அழிச்சாரு. அப்புறம் கௌரிப் பக்கம் திரும்புனாரு.

"ஏங்கண்ணு, இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

கௌரி கண்ணத் தொடச்சுக்கிட்டு, கருத்த குறி போட்ட அடுத்த பாக்கெட்ட கம்ப்யூட்டருக்குக் காட்டிக்கிட்டே சொன்னா:

"சொல்ல உட்டீங்களாங்க?"

அவ்வளவுதானுங்க. கேட்டுப்புட்டு சும்மா எந்திரிச்சா எப்படி? ஏரியோரத்துல மொளகா பஜ்ஜி சூடா போட்டுக்கிட்டிருக்கறாங்க. ஆளுக்கு ரெண்டு வாங்கி என்ற கையில குடுத்துட்டு அப்புறமா நகருங்க.