சுமார்தான் சார்

"கதை சுமார்தான் சார்" என்றார் சலூன்காரர், என் தொண்டையில் சவரக்கத்தியை வைத்துக்கொண்டு.

பதில் பேசும் நிலையில் நான் இல்லை.

பத்திரிகையில் வந்த என் முதல் கதை அது. "தூள் கிளப்பிட்டீங்க மாப்பிள்ளை! குமாஸ்தா வேலையைத் தூக்கிப் போட்டுட்டு முழுநேரமா எழுத உட்காருங்க" என்று மச்சான் கட்டிப் பிடித்தார். "உங்க திறமை இந்த ஃபைலுக்குள்ள புதைஞ்சு கிடக்கே" என்று மேலாளர் உருகினார்.

நானும் ராஜினாமா பற்றி வீட்டிலும் சலூனிலும் பேச ஆரம்பித்திருந்தேன்.

"மூணாவது பக்கம் இழுக்குது. இப்போதைக்கு வேலையை விட்டுடாதீங்க" என்று முகத்தில் தண்ணீர் தெளித்தார் சலூன்காரர்.

வீட்டுக்கு வந்து பொருமினேன். "என்ன பொறாமை பாரு அந்த ஆளுக்கு!"

மனைவி துணி மடித்துக்கொண்டே சிரித்தாள். "மூணாவது பக்கம்னு சொல்றாரே, அவராவது படிச்சிருக்கார். எங்க அண்ணனைக் கூப்பிட்டுக் கதையில என்ன நடக்குதுன்னு கேளுங்க."

கேட்டேன்.

"கடைசியில அவன் சாகற இடம் இருக்கே, கண்ணு கலங்கிடுச்சு மாப்பிள்ளை!"

என் கதையில் யாருமே சாகவில்லை.

மேலாளரிடம் கேட்கத் தைரியம் வரவில்லை.

ஆனாலும் ரோஷம் விடவில்லை. வேறு சலூனுக்குப் போனேன். அடுத்த கதை எழுதும்போது மட்டும் மூன்றாவது பக்கத்தில் கை தானாக நின்றது. அடித்து அடித்து எழுதினேன்.

அந்தக் கதை வெளிவந்த வாரம், மனைவி என் தலையைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"எலி கடிச்ச மாதிரி இருக்கு. ரோஷம் போதும், பழைய கடைக்கே போங்க."

எப்போதும் கடை திறந்ததும் முதல் ஆளாகப் போகிறவன் நான். அன்று போனபோது கடையில் கூட்டம். வாசலிலேயே நின்றுவிட்டேன். உள்ளே ஒருவர் என் கதையை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்!

"வாங்க சார்" என்றார் சலூன்காரர். "காத்திருக்கிறவங்க கதை படிக்கணும், அதான் இங்க சட்டம். என் கண்ணுதான் கத்தரி மேல இருக்கணும், காது சும்மாதானே இருக்கு? உங்க போன கதையைக் கடைக்கு வந்த அத்தனை பேரும் கேட்டாங்க. மூணாவது பக்கம் வந்தா எல்லாரும் கொட்டாவி விடறாங்க. சவரமே பண்ண முடியல."

"இந்தக் கதை?" மெல்லக் கேட்டேன். "வேலையை விடலாமா?"

அவர் வாயைத் திறப்பதற்குள், பாதி முடி வெட்டியும் பாதி வெட்டாமலும் நாற்காலியில் இருந்தவர் கத்தினார்:

"தாராளமா விடுங்க சார்! ஆனா அடுத்த கதை எந்த வாரம் வருதுன்னு முன்னாடியே சொல்லிடுங்க. அந்த வாரம் நான் இந்தப் பக்கமே வர மாட்டேன். அரைமணி நேரமா இவர் கத்தரி அந்தரத்துலயே நிக்குது!"